ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கொண்டுவரும் கேள்வித்தாள் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த வெள்ளிக்கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு தாளோடு வீட்டுக்கு வருவார்கள். உங்களிடமும் அக்கம்பக்கத்து வீடுகளிலும் மூன்று கேள்வி கேட்பார்கள். வேலைக்கு எதில் போகிறீர்கள்? குடிக்க எந்தத் தண்ணீர்? போன வாரம் வீட்டில் எத்தனை நாள் மீன் சமைத்தீர்கள்? அவ்வளவுதான். இது ரேஷன் கார்டுக்கோ உதவித்தொகைக்கோ எடுக்கும் கணக்கில்லை. பெயர், போன் நம்பர், வருமானம் எதையும் எழுத வேண்டாம். அதனால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். கேன் தண்ணீர் என்று சொன்னால்தான் மதிப்பு என்று யாரும் நினைக்க வேண்டியதில்லை.

நிகழ்தகவுப் பாடத்துக்காகத்தான் இந்த ஏற்பாடு. ஒன்று நடக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை எண்ணாகச் சொல்வதுதான் நிகழ்தகவு. நாணயத்தைச் சுண்டினால் தலை விழ 1/2 என்பதை உட்கார்ந்த இடத்திலேயே யோசித்துச் சொல்லிவிடலாம். ஆனால் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினால் அங்கே கேன் தண்ணீர் இருக்க எவ்வளவு வாய்ப்பு? அதற்கு நாலு வீடு ஏறி இறங்கிக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டு, எண்ணி, 'ஆம்' என்றவர்களின் எண்ணிக்கையைக் கேட்ட மொத்தப் பேரால் வகுத்தால் விடை. பாடப்புத்தகம் இதைப் பட்டறி நிகழ்தகவு என்கிறது.

வகுத்தல் சுலபம். பிள்ளைகள் சறுக்குவது வேறு இடத்தில். ஒரு பேச்சுக்கு, 40 வீடுகளில் கேட்டதாக வைத்துக்கொள்வோம். கேன் தண்ணீர் குடிப்பது 26 வீடு. மெட்ரோ வாட்டரைக் காய்ச்சிக் குடிப்பது 20 வீடு. கேன் வாங்கும் நிகழ்தகவு 26/40, அதாவது 0.65. வாங்காததற்கு 1-இலிருந்து கழித்தால் 0.35. சரி, கேனோ மெட்ரோ வாட்டரோ இரண்டில் ஒன்றாவது குடிக்கும் வீடு? பாதி வகுப்பு கண்ணை மூடிக்கொண்டு 26-ஐயும் 20-ஐயும் கூட்டும். 46/40, அதாவது 1.15 வரும். நிகழ்தகவு 1-ஐத் தாண்டவே தாண்டாது. அப்படியானால் எங்கேயோ இடிக்கிறது என்று அந்த இடத்திலேயே பென்சிலை வைத்துவிட வேண்டும். பெரியவர்களுக்கு கேன், பிள்ளைகளுக்குக் காய்ச்சிய தண்ணீர் என்று இரண்டும் வைத்திருக்கும் வீடுகள் 10 இருந்தால், அவை இரண்டு முறை எண்ணப்பட்டிருக்கின்றன. ஒரு முறை கழித்தால் 36/40, அதாவது 0.9. மீதி 4 வீட்டில் ஆர்.ஓ. மெஷின் இருக்கலாம்.

அதே 10 வீட்டை வைத்து இன்னொரு கேள்வி. மெட்ரோ வாட்டர் குடிக்கும் வீடுகளை மட்டும் எடுத்துக்கொண்டால், அவற்றில் கேனும் வாங்குவது 20-இல் 10, சரிபாதி. கேன் வாங்கும் வீடுகளை மட்டும் எடுத்தால், அவற்றில் மெட்ரோ வாட்டரும் குடிப்பது 26-இல் 10, பாதிக்கும் குறைவு. மேலே அதே 10 இருக்க, கீழே இருக்கும் எண் மாறிவிட்டது. யாரில் எத்தனை பேர் என்று கேட்கப் பழகிய பிள்ளை, செய்தித்தாளில் வரும் சதவீதக் கணக்குகளில் பாதியைச் சந்தேகத்தோடுதான் படிக்கும். மதிப்பெண்ணை விட அது எனக்கு முக்கியம்.

மீன் கேள்விக்கு முதலில் 'நேற்று சமைத்தீர்களா' என்றுதான் போட்டிருந்தோம். கணக்கு மிஸ்தான் மாற்றச் சொன்னார். வெள்ளிக்கிழமை கேட்டால் ஒரு விடை, காசிமேட்டில் கூட்டம் நெரியும் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் கேட்டால் வேறு விடை. புரட்டாசியில் கேட்டால் பல வீடுகளில் 'இல்லை' என்றுதான் வரும். மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாளில் கேட்டால் இன்னொரு விதம். ஒரு வாரத்துக்குச் சேர்த்துக் கேட்டால் கிழமையின் குளறுபடியாவது குறையும். இடமும் அப்படித்தான். மீனவர் தெருவிலேயே பத்து வீடும் கேட்டுவிட்டு 'வடசென்னையில் எல்லாரும் தினமும் மீன்' என்று எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டோம். அதனால்தான் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளின் தாள்களையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணப்போகிறோம்.

உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். ஆளுக்கு 10 வீடு; தெரிந்த வீடுகளாக இருக்கட்டும், பொழுது சாய்வதற்குள் முடியட்டும். ஆள் இல்லாத வீட்டுக்கு நீங்களே ஒரு பதிலை நிரப்பிக் கொடுக்காதீர்கள். ஒன்பது வீடு வந்தால் ஒன்பதே போதும், கீழே 9 என்று போட்டு வகுத்துக்கொள்வோம். அப்புறம், 'எனக்கும் அந்தக் காலத்திலேயே கணக்கு வராது' என்று பிள்ளையின் எதிரில் சொல்வதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

தாளை திங்கள்கிழமை காலை பிரேயருக்கு முன்பே கணக்கு மிஸ்ஸிடம் கொடுக்கச் சொல்லுங்கள். கேட் போட்டுவிட்டார்கள் என்று தாமதமாக வருபவர்கள் முதல் பீரியடுக்குள் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை