லாட்வியாவும் ஓசூரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பால்டிக் நாடுகளின் மொழிச் சிக்கல் பற்றிய கட்டுரையில், 'லாட்வியா சுதந்திரம் பெற்றதும் ரஷ்ய மொழி பேசுவோரின் குடியுரிமையைப் பறித்தது' என்று எழுதியிருக்கிறீர்கள். நடந்தது வேறு.

1991-இல் புதிய நாடு பிறந்ததாக லாட்வியா கருதவில்லை. 1940-இல் சோவியத் பிடிக்குள் போன பழைய குடியரசு மீண்டதாகவே சட்டம் சொன்னது. ஆகவே 1940 ஜூன் 17 அன்று குடிமக்களாக இருந்தவர்களும் அவர்களின் வாரிசுகளும் குடிமக்கள். அன்றே அங்கிருந்த ரஷ்யக் குடும்பங்களுக்கும் இது பொருந்தியது. பின்னால் ஆலை வேலைக்கு வந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளுமாக ஏழு லட்சம் பேருக்கு மேல் வெளியே நின்றார்கள். உள்ளாட்சித் தேர்தலில்கூட அவர்களுக்கு வாக்கு இல்லை. லாட்வியரின் பயத்துக்கும் காரணம் உண்டு: 1935-இல் நான்கில் மூன்று பங்காக இருந்தவர்கள், 1989 கணக்கெடுப்பில் 52 சதவீதம்தான். பக்கத்து லிதுவேனியாவில் லிதுவேனியர் 80 சதவீதம் அளவில் இருந்தனர். அங்கே வசித்த எல்லோருக்கும் குடியுரிமை கொடுக்க முடிந்தது.

1994 சட்டம் கேட்டது ஐந்தாண்டு வசிப்பு, லாட்விய மொழித் தேர்வு, வரலாறு, அரசியலமைப்பு, தேசிய கீதம். இவற்றைவிடக் கெடுத்தது, குறிப்பிட்ட பிரிவினர் மட்டும் குறிப்பிட்ட ஆண்டு முதல் விண்ணப்பிக்கலாம் என்ற 'ஜன்னல்' முறை. முதல் ஜன்னல் 1996-இல் திறந்தது, அதுவும் லாட்வியாவில் பிறந்த 16 முதல் 20 வயதினருக்குத்தான். மற்றவர்கள் வயதுவாரியாகக் காத்திருக்க வேண்டும். வெளியே பிறந்தவர்களுக்கு 2001 வரை வழியில்லை. குடியுரிமை வாங்கினால் கட்டாய ராணுவ சேவை என்பதால் இளைஞர்கள் தயங்கினார்கள். விண்ணப்பங்கள் சொற்பமாகவே வந்தன. 1998 வாக்கெடுப்பில் ஜன்னல்கள் நீக்கப்பட்டன. குடியுரிமை இல்லாதவர்களுக்குப் பிறக்கும் குழந்தைகளுக்குத் தானாகக் குடியுரிமை கிடைத்ததோ 2020 தொடங்கித்தான். இத்தனை தாமதத்துக்கு நியாயமே இல்லை.

இதை ஓசூர், தளி, வேப்பனப்பள்ளிப் பக்கத்துத் தெலுங்கு, கன்னட வழிப் பள்ளிகளோடு கட்டுரையாளர் ஒப்பிடுவது பொருந்தாது. இங்கே யாருடைய வாக்கும் கேள்விக்குறி ஆகவில்லை. 2006 தமிழ் கற்றல் சட்டத்தால் பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாள் கட்டாயமானது. சிறுபான்மை மொழி மாணவர்களுக்கு விலக்கு கேட்டு வழக்குகள் நடந்தன. வழக்கு ஒரு தாளைப் பற்றியது. அந்தப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழாசிரியர் இருக்கிறாரா என்றுதான் கட்டுரையாளர் விசாரித்திருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

வாசகர்,
தேன்கனிக்கோட்டை,
கிருஷ்ணகிரி மாவட்டம்.