காவிரிக் கரைக்குப் போய்விடலாம், திரும்பி வருவதுதான் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெங்களூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டினம், சோமநாதபுரம், தலக்காடு பக்கம் சைக்கிளில் போய்வருவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். கோயில்களைப் பற்றி மனமொன்றி எழுதியிருந்தார்கள். ஆனால் சமவெளிதானே, யார் வேண்டுமானாலும் ஓட்டிவிடலாம் என்ற தொனி எங்களை உறுத்தியது. அதை நம்பிக் கிளம்புகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

முதலில் தரை. பெங்களூரு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டரில் இருக்கிறது. ஸ்ரீரங்கப்பட்டினம் 700 மீட்டருக்கும் கீழே. நடுவில் ஏறத்தாழ 125 கி.மீ. தூரம் என்பதால் இந்த 200 மீட்டர் சொச்சம் இறக்கம் கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தெரியும். திரும்பும்போது அதுவே ஏற்றம். இதோடு காற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கு, தென்மேற்குக் காற்று. மைசூரு இருப்பதும் அந்தத் திசையில்தான். அதனால் போகும்போது காற்று முகத்தில் அடித்தாலும் இறக்கம் கைகொடுக்கும். வரும்போது ஏற்றம் இருந்தாலும் காற்று முதுகைத் தள்ளும். டிசம்பர், ஜனவரியில் எல்லாம் தலைகீழ். போகும்போது இறக்கமும் பின்காற்றும் ஒன்றாகச் சேர்ந்து, நமக்கு இவ்வளவு பலமா என்று நினைக்க வைக்கும். மறுநாள் ஏற்றமும் வாடைக்காற்றும் ஒன்றாக எதிரே நிற்கும். வெயில் இல்லை என்று பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது இந்த டிசம்பரைத்தான்.

மலைப்பாதையில் ஏறினால் இறங்கும்போதாவது கால் ஓய்வெடுக்கும். சமவெளியில் மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஒரே நிலையில் உட்கார்ந்தபடி. உள்ளங்கை மரத்துப்போவதும் இடுப்பு பிடித்துக்கொள்வதும் அதனால்தான். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பெடல் மேல் எழுந்து நின்று பத்துப் பதினைந்து விநாடி ஓட்டுங்கள்; ஹேண்டில்பாரில் கை வைக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

அடுத்தது சாலை. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் நடு ஆறு வழிகளில் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் பைக், ஆட்டோ, டிராக்டர், சைக்கிள் எதற்கும் அனுமதி இல்லை. வேகத்தைப் பார்த்தால் அந்தத் தடை நியாயமே. ஆனால் சைக்கிளுக்கு என்று மிச்சமிருக்கும் சர்வீஸ் ரோடு சில பாலங்களிடத்திலும் ரயில்வே மேம்பாலங்களிடத்திலும் அறுந்துபோகிறது. முன்கூட்டியே பலகை இல்லாததால், வந்தவர் எதிர்த்திசையில் திரும்புகிறார் அல்லது விரைவுச்சாலைக்குள் நுழைந்துவிடுகிறார். இரண்டுமே உயிருக்கு ஆபத்து. எங்கள் யோசனை: பிடதி, ராமநகரம், சென்னபட்டணம், மத்தூர், மண்டியா ஊர்களுக்குள் போகும் பழைய நெடுஞ்சாலையையே பிடியுங்கள். கொஞ்சம் சுற்றுதான். ஆனால் டீக்கடை, பஞ்சர் கடை, இளநீர், நிழல் எல்லாம் அங்கேதான். பாலங்களின் இணைப்பு இடைவெளியில் 25 மி.மீ. டயர் அப்படியே இறங்கிக்கொள்ளும். அதைச் சாய்வாகக் கடக்காமல் நேர்குறுக்காகவே கடக்க வேண்டும்.

கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லாத விஷயம் ஒன்று: சாலையில் பரப்பிய அறுவடை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கேழ்வரகுத் தாளையும், ஹுருளி என்று அங்கே சொல்லும் கொள்ளுக் கொடியையும் தார்ச்சாலையில் விரித்துவிடுவார்கள். பஸ்ஸும் காரும் ஏறிப் போனால் மணி உதிரும். களம் இல்லாத ஊரில் சாலையே களம். அவர்கள் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. ஆனால் சைக்கிளுக்கு இது பெரிய கண்ணி. தாளுக்கு அடியில் இருக்கும் குழி தெரியாது. உதிர்ந்த கொள்ளு மணிகள் பால்ரஸ் போல உருண்டு டயரை வழுக்கிவிடும். எல்லாவற்றையும் விட மோசம், காய்ந்த கொள்ளுக் கொடி நார் போல உறுதியானது. பின் கியர் மாற்றியில் உள்ள இரண்டு சின்னப் பல்சக்கரங்களிலும் அது சுற்றிக்கொள்ளும். சரசரவென்று சத்தம் வந்த பிறகும் இன்னும் நாலு மிதி மிதித்தால், கொடி கியர் மாற்றியை உள்ளே இழுத்து ஸ்போக்ஸ் கம்பிகளில் மாட்டிவிடும். கியர் மாற்றியைச் சைக்கிள் சட்டத்தோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கர் வளையும் அல்லது ஒடியும். அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது.

தாள் கண்ணில் பட்டால் இறங்கிச் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓரமாக நடந்துவிடுங்கள். ஏறிவிட்டீர்கள், சத்தம் வருகிறது என்றால் உடனே காலை நிறுத்துங்கள். பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே நாரைச் சிறு கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். பிறகு பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள்: மேல் பல்சக்கரமும் கீழ்ப் பல்சக்கரமும் நேர்க்கோட்டில் இருக்கின்றனவா? கீழது உள்பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர் வளைந்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகு ஊர் சேரும்வரை பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரத்துக்குக் கியரை மாற்றவே கூடாது. ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு. மண்டியாவில் கேட்டால் கிடைக்காது. உங்கள் சைக்கிளுக்கு உரியது ஒன்றைப் பையில் வைத்திருங்கள், சில கிராம் எடைதான்.

கரும்பு வெட்டும் காலத்தில் இரண்டு டிரெய்லர் பூட்டிய டிராக்டர்கள் வரும். பின் டிரெய்லர் பாம்பு போல ஆடும். கரும்பு இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். இடது பக்கம் நுழைந்து முந்தாதீர்கள், காற்று மறைப்புக்காகப் பின்னால் ஒட்டியும் போகாதீர்கள்.

பஞ்சர் விஷயத்தில் முதல் எதிரி ஆணி அல்ல, நெருஞ்சி முள். தார் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கிய மாத்திரத்தில் டயரில் ஏறிக்கொள்ளும். உடனே காற்று போகாது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் சக்கரம் உட்கார்ந்திருக்கும். டியூபை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினால் அதே முள் புது டியூபையும் குத்தும். டயரின் உட்புறத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கை வைத்து ஒரு சுற்றுத் தடவுங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் முள் முனை இருக்கும். ஒட்டுப்போடும்போது தேய்த்து, பசையை மெல்லியதாகப் பூசி, நாலைந்து நிமிடம் காய்ந்து ஒட்டாத பதம் வந்த பிறகே ஒட்டு வைக்க வேண்டும். ஈரப் பசையில் வைத்த ஒட்டு பத்துக் கிலோமீட்டரில் கழன்றுவிடும். டியூபில் பக்கத்துப் பக்கத்தில் பாம்புக் கடி போல இரண்டு வெட்டு இருந்தால் அது முள் வேலை அல்ல. காற்று குறைவாக வைத்து வேகத்தடையில் இடித்ததால் ரிம் நசுக்கியது. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், 28 மி.மீ. டயருக்குப் பின்னால் 75, முன்னால் 70 பிஎஸ்ஐ காற்றழுத்தம் இந்தச் சாலைகளுக்குப் பொருந்தும்.

கிராமத்துப் பஞ்சர் கடையின் காற்றுக் குழாய் பைக் வால்வுக்கானது. பிரஸ்டா எனும் மெல்லிய வால்வு உள்ளவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றை எடுத்துச் செல்ல வேண்டும். அதைப் போடும்முன் வால்வின் நுனித் திருகைத் தளர்த்த மறக்காதீர்கள். கடையில் கிடைக்கும் சாதா சைக்கிள் டியூபும் உதவாது: அதன் வால்வு 8 மி.மீ. தடிமன், பிரஸ்டா ரிம்மின் துளை 6.5 மி.மீ. ஆளுக்கு இரண்டு டியூப் கையில் இருக்கட்டும்.

தண்ணீர் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர். மத்தூர் இளநீர்ச் சந்தைக்குப் பேர்போன ஊர், ஆசை தீரக் குடிக்கலாம். ஆனால் இளநீரில் பொட்டாசியம்தான் அதிகம், வியர்வையில் நாம் இழப்பது பெரும்பாலும் சோடியம். கூடவே உப்பு போட்ட மோர் அல்லது ஓஆர்எஸ் வேண்டும். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பாக்கெட்டைச் சின்ன பாட்டிலில் முழுதாகக் கொட்டினால் வயிறு பிரட்டும்.

இவ்வளவும் தெரிந்துகொண்டு போனால், ஸ்ரீரங்கப்பட்டினத்துக்கு அப்பால் அரகெரே, பன்னூர் வழியாகச் சோமநாதபுரம் வரையிலான சுமார் 30 கி.மீ. போல மனதுக்கு இதமான சாலை பெங்களூரைச் சுற்றி அதிகம் இல்லை. காவிரியின் மூன்று ரங்கநாதர் தலங்களில் நம் ஸ்ரீரங்கம் கடைசியான அந்தியரங்கம் என்றால், முதலாவதான ஆதிரங்கம் ஸ்ரீரங்கப்பட்டினம். நடுவே சிவனசமுத்திரம் மத்தியரங்கம். சோமநாதபுரம் கேசவர் கோயில் 1258-இல் எழுந்தது, 2023-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலணியை வாசலில் விட வேண்டும். நண்பகலில் முற்றத்துக் கல் பாதத்தைச் சுட்டுவிடும், தடித்த காலுறை ஒரு ஜோடி வைத்திருங்கள். கபினி வந்து கலக்கும் திருமகூடலு நரசீபுரத்தைக் கடந்தால் தலக்காடு. சோழர் ஆட்சியில் ராஜராஜபுரம் என்று பெயர் பெற்ற ஊர், அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் உண்டு. மணல்மேட்டில் சைக்கிளை உருட்டவே வேண்டாம், கீழே பூட்டிவிட்டு நடங்கள். செயினில் மணல் பட்டுவிட்டால் அதன்மேல் எண்ணெய் விட்டால் அரைத்துத் தேய்த்துவிடும்; முதலில் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும்.

விஸ்வேஸ்வரய்யா கால்வாய்ப் பக்கத்துச் சாலைகளில் இருட்டில் ஓட்டாதீர்கள். பல வளைவுகளில் தடுப்புச் சுவர் இல்லை. 2018 நவம்பரில் பாண்டவபுரா அருகே பஸ் ஒன்று அந்தக் கால்வாயில் விழுந்து 30 பேர் இறந்ததை மறந்துவிடக் கூடாது.

திரும்புவதற்கு ரயில்தான் புத்திசாலித்தனம். சைக்கிளைப் பார்சல் அலுவலகத்தில் லக்கேஜாகப் பதிந்து, பிரேக் வேன் எனும் சரக்குப் பெட்டியில் ஏற்ற வேண்டும். வண்டி இரண்டு நிமிடம் நிற்கும் சின்ன நிலையங்களில் ஏற்ற நேரம் போதாது. மைசூரில், புறப்படுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள். விளக்கு, பாட்டில், பம்ப் கழற்றிவிடுங்கள். செயினைப் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினால் கியர் மாற்றி உள்ளே ஒதுங்கிக்கொள்ளும். அதைச் சுற்றி அட்டை வைத்துக் கட்டுங்கள். இடது பெடல் மட்டும் எதிர்மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். டிஸ்க் பிரேக் சைக்கிளில் சக்கரத்தைக் கழற்றினால் பிரேக் கட்டைகளுக்கு நடுவே மடித்த அட்டை ஒன்றைச் செருகிவிடுங்கள், தவறி பிரேக்கை அழுத்தினால் கட்டைகள் ஒட்டிக்கொள்ளும்.

இத்தனை செய்தும் மூட்டைகளுக்கு அடியில் சைக்கிள் நசுங்கும் அபாயம் உண்டு. ஞாயிறு மாலை மைசூரிலிருந்து பெங்களூரு வரும் ஏதாவது ஒரு ரயிலின் பிரேக் வேனில், பத்துச் சைக்கிளை நிறுத்தித் தொங்கவிடக் கொக்கிகள் பொருத்தினால் போதும். கொச்சி மெட்ரோ 2020-லேயே சைக்கிளோடு ஏற அனுமதித்துவிட்டது. சர்வீஸ் ரோடு அறுபடும் ஒவ்வோர் இடத்துக்கும் அரைக் கிலோமீட்டர் முன்பே மாற்றுவழிப் பலகை வைக்கும்படி நெடுஞ்சாலைத் துறையையும், இந்தக் கொக்கிகளுக்காக ரயில்வேயையும் தங்கள் நாளிதழ் கேட்க வேண்டும் என்று விரும்புகிறோம்.

இப்படிக்கு,
சைக்கிள் ஓட்டும் வாசகர்கள்,
அல்சூர், பெங்களூரு