முத்திரை உடைந்த பொட்டலம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சந்தேக நபரின் கணினியில் போலீஸார் உளவு மென்பொருளை ஏற்றலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், “தொலைபேசியை ஒட்டுக்கேட்கச் சட்டம் அனுமதிக்கிறதே, இதுவும் அப்படித்தானே” என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். நீதிமன்ற அலுவலகத்தில் சான்றுப் பொருள்களைக் கையாண்டு ஓய்வு பெற்றவன் நான். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஜெர்மனியின் பவேரியாவில் நடந்ததைப் பாருங்கள். ஒருவருடைய மடிக்கணினியில் இணையவழித் தொலைபேசிப் பேச்சைக் கண்காணிக்க மட்டுமே நீதிமன்றம் அனுமதித்திருந்தது. ஏற்றப்பட்ட மென்பொருளோ 30 விநாடிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தள்ளியது. மொத்தம் 60,000க்கும் மேல்! எழுதிக்கொண்டிருக்கும் மின்னஞ்சல்கூட அனுப்பும் முன்பே படமாகிவிடும். கோபத்தில் தட்டிவிட்டு மனம் மாறி அழித்த வரியும் தப்பாது. அனுப்பாத அஞ்சல் தகவல் தொடர்பே ஆகாது, அதைப் பிடித்தது சட்டவிரோதம் என்று லாண்ட்ஸ்ஹூட் நீதிமன்றம் 2011இல் சொன்னது. இத்தனைக்கும், கணினியின் அந்தரங்கத்தைக் காப்பது அடிப்படை உரிமை என்று அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் 2008லேயே தீர்ப்பளித்திருந்தது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அதே 2011 அக்டோபரில் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற அமைப்பின் நிபுணர்கள் ஜெர்மன் போலீஸ் மென்பொருளைப் பிரித்து ஆராய்ந்தார்கள். வெளியிலிருந்து வேறு நிரல்களை அனுப்பி அந்தக் கணினியில் இயக்க அதில் வழி இருந்தது. கட்டளை இடுவது போலீஸ்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு இல்லை. கோப்பை எடுக்க மட்டுமல்ல, வைக்கவும் முடியும்; அதையும் யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

ஒட்டுக்கேட்பவர் பேசுபவரின் வாயில் சொல்லைத் திணிக்க முடியாது. இங்கே முடியும். ஒரு கத்தி சான்றாக வந்தால் அரக்கு முத்திரை குலையாமல் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்போம். முத்திரை உடைந்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் விடமாட்டார், விடவும் கூடாது. வாரக்கணக்கில் போலீஸின் கை உள்ளேயே இருந்த கணினிக்கு எந்த முத்திரை?

குற்றவாளிக்குப் பரிந்து பேசவில்லை. உண்மையான குற்றவாளி தப்பவும் இதே ஓட்டை போதும். ஒட்டுக்கேட்புச் சட்டத்தை இழுத்து நீட்டாமல், இதற்கெனத் தனிச் சட்டம் வேண்டும். அனுமதியில் இல்லாத வசதி மென்பொருளிலேயே இருக்கக் கூடாது. அதைப் போலீஸ் துறைக்கு வெளியே உள்ளவர்கள் முன்னதாகச் சோதிக்க வேண்டும். உள்ளே நுழைந்தது முதல் வெளியேறியது வரை இட்ட ஒவ்வொரு கட்டளையின் பதிவும் வழக்குக் கட்டோடு நீதிபதியின் மேசைக்கு வர வேண்டும்.

தங்கள் நெடுநாள் வாசகர்