லீவில் பூட்டிக் கிடக்கும் புத்தகங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் 40 வருடமாக வெள்ளிக் கொலுசு வேலை செய்கிறேன். என் பேத்தி அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு முடித்திருக்கிறாள். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விடுவதால், லீவு விட்டதிலிருந்து பகல் முழுக்க அவள் என்னோடு பட்டறையில்தான். நெருப்பு, ஆசிட் பக்கம் விடுவதில்லை. வாசல் திண்ணையில், தராசுக்குப் பக்கத்தில் அவளுக்கு இடம்.

போன வருட லீவு முழுக்கக் கையில் போன். மார்ச்சில் கடகடவென்று படித்த பிள்ளை, ஜூனில் பள்ளி திறந்தபோது எழுத்துக் கூட்டினாள். இந்த முறை அப்படி விடக்கூடாது என்று கணக்கைப் பட்டறையிலேயே ஆரம்பித்தோம். கட்டி வெள்ளி 500 கிராம். உருக்கி, கம்பி இழுத்து, கொலுசாக வந்தது 486 கிராம். சேதாரம் எவ்வளவு? நோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், “பூஜ்ஜியத்துக்கிட்ட எப்படித் தாத்தா கடன் வாங்கறது? அதுகிட்டயே ஒண்ணும் இல்லியே” என்றாள். பட்டறையே சிரித்துவிட்டது. (எங்கள் தொழிலில் பாதிப் பேர் அப்படித்தான் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம், அது வேறு கதை.) அப்புறம் ஐந்து நூறு ரூபாய்த் தாளை எடுத்து, ஒன்றைப் பத்து ரூபாய்த் தாள்களாக மாற்றி, அதில் ஒரு பத்தைச் சில்லறையாக்கிக் காட்டினேன். பிடித்துக்கொண்டாள். இப்போது தினமும் வருகிற, போகிற எடையெல்லாம் அவள் நோட்டில்தான் ஏறுகிறது.

படிக்கத்தான் ஒன்றும் இல்லை. தினமும் உங்கள் பத்திரிகையில் வெள்ளி விலையைச் சத்தமாகப் படித்துச் சொல்வாள், அதற்கு மேல் அவளுக்குச் சலித்துவிடும். பள்ளியில் வாசிப்பு இயக்கம் என்று மெலிசான கதைப் புத்தகங்கள் தருகிறார்கள். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படி. “நான் ‘ஓடு’க்கு வந்துட்டேன்” என்று ஒருநாள் குதித்துக்கொண்டு வந்தாள். அந்தப் புத்தகமெல்லாம் இப்போது பள்ளிப் பீரோவுக்குள் இருக்கிறது. பள்ளி மூடுவதற்கு முன் டீச்சரிடம் கேட்டுப் பார்த்தேன். அவருக்கும் கொடுக்க ஆசைதான். இருப்புப் பதிவேட்டில் ஒன்று குறைந்தாலும் தானே பதில் சொல்ல வேண்டும் என்று தயங்கினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

மாவட்ட மைய நூலகம் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான், வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். ஆனால் பத்து வயதுகூட ஆகாத பிள்ளையைத் தனியாகப் பஸ் ஏற்றி அனுப்ப முடியுமா? வைகாசி முகூர்த்த நேரத்தில் என்னாலும் பட்டறையை விட்டு நகர முடியாது.

கடைசி வேலை நாளில் பிள்ளைக்கு இரண்டு புத்தகம் கொடுத்தனுப்பட்டும், பள்ளி திறந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளட்டும். கிழிந்தது, தொலைந்தது டீச்சர் தலையில் விழாது என்று கல்வித்துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். அரைக் கிலோ வெள்ளிக்கு 14 கிராம் சேதாரம் எழுதுகிறோம். நூறு புத்தகத்துக்கு நாலைந்து எழுதக்கூடாதா?

இந்த லீவுக்கு இனி நேரமில்லை. காலாண்டு விடுமுறைக்கு முன்னாவது அந்தப் பீரோவைத் திறக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கொலுசுத் தொழிலாளி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.