வான்கோழி உருண்டை சாலட்: குறிப்பில் விட்டுப்போனவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த வான்கோழி உருண்டை சாலட் குறிப்பைப் படித்தேன். எண்ணெய்ச் சட்டியில் பொரிக்காமல், பச்சைக் காய்களோடு சேர்த்துச் சாப்பிடும் ஒரு கறி வகையை அறிமுகப்படுத்தியது நல்ல காரியம். ஆனால் 'கறி தேவையான அளவு, பொரிகடலை மாவு சிறிது, உப்பு ருசிக்கேற்ப' என்று எழுதிவிட்டால் ஆட்டுக்கறி கோலா உருண்டையில் சமாளித்துவிடலாம், வான்கோழியில் முடியாது. ஆட்டுக்கறியின் கொழுப்பு சிறு பிசகுகளை மூடிவிடும். தோல் நீக்கிய வான்கோழியின் நெஞ்சுக்கறியில் கொழுப்பு நூற்றுக்கு 2 பங்குகூடத் தேறாது. அளவு கொஞ்சம் தவறினால் உருண்டை சக்கையாகிவிடும், அல்லது சட்டியிலேயே உதிர்ந்துவிடும்.

கறியிலிருந்தே தொடங்க வேண்டும். உறைந்த பொட்டலம்தான் கிடைக்கும் என்று குறிப்பு சொல்கிறது. குமரி மாவட்டத்தில் வீட்டு வளவில் வான்கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்; கிறிஸ்துமஸ் சமயத்தில் கேட்டால் உயிர்க்கோழியாகவே வாங்கலாம். கறுப்பு நாட்டு வகையையும் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளை வகையையும் கலந்து உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1 நம் மாநிலத்து இனம்தான். நாலு பேருக்கு எலும்பும் தோலும் நீக்கிய கறி 500 கிராம் போதும்: தொடைக்கறி 300, நெஞ்சுக்கறி 200. நெஞ்சு மட்டும் போட்டால் வறண்டுவிடும். கீழ்க்காலைச் சூப்புக்கு ஒதுக்கிவிடுங்கள். அதில் குச்சிபோல விறைத்த நரம்புகள் ஓடும், வயது கூடக்கூட அவை எலும்பாகவே இறுகும். மிக்சியில் அரைத்தாலும் சிம்புசிம்பாக வாயில் குத்தும்.

கழுவுவதானால் முழுத் துண்டாகக் கழுவித் துணியால் ஈரம் ஒற்றிவிட்டு அதன்பிறகு வெட்ட வேண்டும். கொத்திய கறியைக் கழுவவே கூடாது; குடித்த தண்ணீரை அது வேகும்போது கக்கும், உருண்டை பிளக்கும். ஒரு அங்குலத் துண்டுகளாக்கி உறைபெட்டியில் 25 நிமிடம் வைத்து, ஓரம் விறைத்ததும் 150 கிராம் வீதம் மிக்சியில் விட்டுவிட்டு நாலைந்து சுற்று. ஒரே மூச்சாக ஓட்டினால் பிளேடு சூட்டில் கறி களியாகிவிடும்.

கறி மிருதுவாக வேண்டும் என்று பப்பாளிக்காய் அரைத்துச் சேர்க்கச் சொன்னதுதான் குறிப்பின் பெரிய பிழை. முழுத் துண்டுக் கறிக்கு அது சரி. கொத்துக்கறியில் பப்பாளியின் நொதி புரதத்தை அறுத்துக்கொண்டே போவதால் உருண்டைக்குப் பிடிமானமே இருக்காது. எலுமிச்சைச் சாறும் கறிக் கலவைக்குள் வேண்டாம், அதன் இடம் காயில் சேர்க்கும் தயிர்க் கலவை.

பொரிகடலை மாவு ஈரத்தை உறிஞ்சும் சரக்கு. ஆட்டுக்கறியில் கொழுப்பும் சாறும் நிறைய இருப்பதால் பொருந்தும். இங்கே உள்ள கொஞ்சம் ஈரத்தையும் அது இழுத்துக்கொண்டு தொண்டையில் அடைக்கும். அதற்குப் பதில் ஓரம் நீக்கிய ரொட்டி 40 கிராமை 60 மில்லி பாலில் பத்து நிமிடம் ஊறவிட்டு மசித்துச் சேர்க்க வேண்டும். ஊறிய மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்துவைக்கும், புரதம் ஒன்றோடொன்று இறுகிப்போகாமல் நடுவில் நிற்கும். பாலுக்குப் பதில் கட்டித் தேங்காய்ப்பால் விட்டால் ருசி ஒரு படி மேல். முட்டை தேவையில்லை.

ஈருள்ளி (வெங்காயம்) 60 கிராமைப் பொடியாக அரிந்து ஒரு தேக்கரண்டி தேங்காயெண்ணெயில் மூன்று நிமிடம் வதக்கி ஆறவிடுங்கள். பச்சையாகப் போட்டால் உப்பு பட்டதும் நீர்விடும். பூண்டு 4 பல், இஞ்சி ஒரு துண்டு, காந்தாரி மிளகாய் 4, நல்லமிளகுத் (குறுமிளகு) தூள் ஒரு தேக்கரண்டி, சோம்பு அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை ஒரு கொத்து. கிராம்பு இரண்டே இரண்டு. 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் குமரி மலைக் கிராம்பில் எண்ணெய்ச்சத்து அதிகம். வான்கோழிக்கறி மணம் குறைந்தது. மூன்றாவது கிராம்பு விழுந்தால் கறி ருசியே தெரியாது.

சேர்க்கும் வரிசை முக்கியம். முதலில் கறியில் உப்பு மட்டும், தலை தட்டி ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 6 கிராம். ஒரு நிமிடம் கையால் பிசைந்தால் கறி பசபசவென்று கையில் ஒட்டும். உருண்டையைப் பிடித்துவைப்பது அந்தப் பசைதான். பிறகு மற்றதெல்லாம் போட்டு, கலந்ததும் நிறுத்திவிட வேண்டும். சப்பாத்தி மாவுபோல ஐந்து நிமிடம் அடித்துப் பிசைந்தால் ரப்பராகும். ஈரக்கையால் 25 கிராம் வீதம் உருட்டினால் 25, 26 உருண்டை வரும், ஆளுக்கு ஆறு. அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்தால் உருக்குலையாது.

எண்ணெய் தடவிய இட்லித் தட்டில் அடுக்கி, தண்ணீர் நன்றாகக் கொதித்தபின் பானைக்குள் வைத்துப் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம். உருண்டையின் நடுவில் வெப்பம் 74 டிகிரி செல்சியஸைத் தொட்டாக வேண்டும். கோழியினக் கறி எதற்கும் இதுதான் கணக்கு. குத்திப் பார்க்கும் வெப்பமானி கடைகளில் கிடைக்கிறது. நிறத்தை நம்ப முடியாது: வெந்த வான்கோழியும் சில சமயம் இளஞ்சிவப்பாகவே நிற்கும், வேகாததும் வெளுத்துத் தெரியும். வெந்ததும் இரும்புத் தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, கல் நன்றாகக் காய்ந்தபின் மூன்று நிமிடம் புரட்டினால் பொன்னிறமாகும். மொத்த எண்ணெய் இரண்டு தேக்கரண்டிதான், ஆளுக்குக் கிடைக்கும் புரதமோ 25 கிராமுக்குக் குறையாது.

இனி காய்கள். லெட்டூஸ் இல்லாமல் சாலட் இல்லை என்பதுபோல எழுதியிருக்கிறீர்கள். வடசேரி சந்தையிலோ திங்கள்சந்தையிலோ கிடைக்கும் காய்களே போதும். வெள்ளரி 300 கிராம், நூல்போல அரிந்த முட்டைக்கோஸ் 150, ஒரு கேரட், விதை நீக்கிய தக்காளி இரண்டு, ஒரு கைப்பிடி புதினா. முளைவிட்ட சிறுபயறு ஒரு கப் சேர்க்கலாம். ஆனால் பச்சையாக வேண்டாம்; முளைவிடும் சூடும் ஈரமும் கிருமிக்கும் தோது என்பதால், ஆவி பறக்கும் அளவுக்கு ஐந்து நிமிடம் வேகவைத்துப் போடுங்கள். வெள்ளரியில் அரைத் தேக்கரண்டி உப்புப் பிசிறிப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் தட்டில் குளம் கட்டும்.

தயிர் 200 மில்லியைத் துணியில் அரைமணி நேரம் தொங்கவிட்டு, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி மார்த்தாண்டம் தேன், கால் தேக்கரண்டி உப்பு, இடித்த நல்லமிளகு சேர்த்து அடித்தால் கலவை தயார். புளிப்பு இனிப்புக்கு அன்னாசி (குமரியின் மேற்குப் பகுதியில் கைதச்சக்கை) நூறு கிராம் போடலாம். ரப்பர் தோட்டங்களில் ஊடுபயிராக விளைவது, விலையும் கட்டுப்படியாகும். ஆனால் பரிமாறும் நேரத்தில்தான் போட வேண்டும். அன்னாசியின் நொதி தயிரோடு கொஞ்ச நேரம் கிடந்தால் தயிர் நீர்த்துக் கசக்கும். தயிர்க் கலவையும் அப்போதுதான் காயில் சேர வேண்டும், உருண்டைகளும் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்தபிறகு மேலே அடுக்கப்பட வேண்டும். கொதிக்கக் கொதிக்க வைத்தால் காய் துவண்டுபோகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது குறிப்பில் ஒரு வரியாகக்கூட இல்லை. சாலட் காய் வேகாதது. பச்சைக் கறி வெட்டிய அதே பலகையிலும் கத்தியிலும் வெள்ளரி அரிந்தால், கறியிலிருந்த கிருமி அப்படியே வயிற்றுக்குப் போகும். வேகவைக்கும்போது உருண்டையில் அது செத்துவிடும், காயில் சாகாது. ஆகவே காய் முதலில், அரிந்து மூடிவைத்தபிறகே கறி. கறி தொட்ட பலகை, மிக்சி ஜார், கை மூன்றையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மிஞ்சிய உருண்டையை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். தயிர் கலந்த காய் அடுத்த வேளைக்கு ஆகாது.

டிசம்பர் பிறந்தால் பல வீடுகளில் இந்தக் குறிப்பைத் தேடி எடுப்பார்கள். அதற்குள் கிராம் கணக்கோடும், 74 டிகிரி என்ற எண்ணோடும், காயை முதலில் அரிய வேண்டும் என்ற எச்சரிக்கையோடும் திருத்தி மறுபடி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, தக்கலை