அந்தக் கண்ணீரை எடுத்துவிடு

அன்புள்ள செல்வம்,

நலம். நீ அனுப்பிய யானை ஓவியத்துக்குப் பதிலே போடவில்லை என்று கோபமாக இருப்பாய். கோபத்தைப் பிறகு வைத்துக்கொள், முதலில் இதைக் கேள். நெதர்லாந்தில், ஹேக் நகரத்து மௌரிட்ஷூயிஸ் அருங்காட்சியகத்தில் அந்தக் குருவியை நேரிலேயே பார்த்துவிட்டேன். டிராயிங் மாஸ்டர் கறுப்பு வெள்ளை அச்சில் காட்டி, வரையச் சொல்லி நம் உயிரை எடுத்தாரே, டச்சு ஓவியர் ஃபேப்ரிட்டியஸ் வரைந்த அதே ‘கோல்ட்ஃபிஞ்ச்’ குருவி!

எவ்வளவு சின்னப் படம்! உயரம் 33.5 செ.மீ., அகலம் 22.8. மகள் அடுத்த அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்; நான் நகரவில்லை.

கிட்டப் போனால் குருவியே இல்லை, செல்வம். வெறும் தீற்றல்கள். சிறகின் மஞ்சள் பட்டையைத் தடிப்பாக அப்பி, ஈரம் காய்வதற்குள் தூரிகையின் பின்முனையால் கீறியிருக்கிறார் ஃபேப்ரிட்டியஸ். கீறலில் அடிக்கறுப்பு எட்டிப் பார்க்கிறது. நாலடி பின்னால் வந்தால் அது சிறகு! குரு ரெம்பிராண்ட் இருட்டிலிருந்து முகங்களை வெளியே கொண்டுவருவார். சிஷ்யரோ வெயில் பட்ட வெள்ளைச் சுவரை வைத்து, அதன்மேல் பறவையையும் அதன் நிழலையும் நிறுத்திவிட்டார்.

சோகமான படம் என்று நீயும் ராஜாமணியும் அடித்துச் சொல்வீர்கள். முகத்தில் எங்கே சோகம்? கண் ஒரு கறுப்புப் பொட்டு, அதில் துளி வெள்ளை. அவ்வளவுதான். நெஞ்சைப் பிசைவது காலில் மாட்டிய மெல்லிய சங்கிலி. அதையும் அவர் பெரிதுபடுத்தவில்லை. ஒளி படும் இடங்களில் மட்டும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறார். வரைந்த அதே 1654-இல், அக்டோபர் 12 அன்று, டெல்ஃப்ட் நகரத்து வெடிமருந்துக் கிடங்கு வெடித்து 32 வயதில் இறந்துபோனார். அந்தத் துயரத்தையும் பறவையின் தலையில் ஏற்றிப் பார்க்கிறோம். வரையும்போது அவருக்கு அக்டோபர் தெரியாதே!

இப்போது உன் கோயில் யானைக்கு வருகிறேன். தும்பிக்கைச் சுருக்கங்களுக்கு உன்னை விட்டால் ஆள் கிடையாது. ஆனால் அந்தக் கண்ணீர்த் துளி எதற்கு? பார்த்ததும் நான் அழ வேண்டும் என்று நீ உத்தரவு போடுவதுபோல் இருக்கிறது. காலில் கிடக்கும் சங்கிலியையோ இரண்டு கோட்டில் முடித்துவிட்டாய். அங்கே உட்கார்ந்து வேலை செய். துரு, தேய்ந்த வளையம், தோலில் அது பதிந்த தடம், எல்லாம் வரட்டும். கண்காட்சிக்கு இன்னும் நாள் இருக்கிறது. துளியை எடுத்துவிட்டுப் புகைப்படம் அனுப்பு.

கமலாவின் முழங்கால் வலி குறைந்ததா? பொங்கலுக்கு முன் வந்துவிடுவேன்.

அன்புடன்,
மூர்த்தி