இடைக்காட்டூர் கோவில் நகல் இல்லை, தாயி

அன்பு மகளுக்கு,

சேசுவுக்கே புகழ். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லாரும் நலம்தானே? அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை.

நீ அனுப்பிய பிரான்சு நாட்டு ரெய்ம்ஸ் பேராலயப் படங்களை அம்மா தெருவுக்கே காட்டிவிட்டாள். கூடவே, "நம்ம இடைக்காட்டூர் கோவில் இதோட சின்ன நகல்தானப்பா" என்று எழுதியிருந்தாய். ஊரே சொல்வதுதான். ஆனால் காலமெல்லாம் கொத்து வேலை பார்த்த எனக்கு மனசு ஒப்பவில்லை தாயி.

பிரான்சிலிருந்து வந்த பெர்டினாண்ட் செல் சாமியார் 1894-இல் அந்தக் கோவிலைக் கட்டியபோது ரெய்ம்ஸைத்தான் மனசில் வைத்திருந்தார், சரி. ஆனால் 1211-இல் தொடங்கிய ரெய்ம்ஸ் கல் கட்டடம். கல்லை வேண்டிய வடிவத்துக்கு உளியால் செதுக்கலாம். இடைக்காட்டூர் இருக்கும் சிவகங்கை மாவட்டத்து முத்தனேந்தல் பக்கத்தில் நம்மவர்கள் கையில் இருந்தது மண்தான். சுட்ட செங்கல்லைச் செதுக்கினால் மேல்தோல் போய்விடும், அப்புறம் மழைத் தண்ணீரைக் குடிக்க ஆரம்பிக்கும். அதனால் வளைவு, விளிம்பு, பூவேலை எல்லாம் பச்சை மண்ணிலேயே அச்சில் வந்தாக வேண்டும். காயும்போது மண் சுருங்கும், காளவாசலில் வேகும்போது இன்னும் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் பார்த்து அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். தீ ஒரு பக்கம் கூடினாலும் அந்தச் செங்கல் பக்கத்துச் செங்கல்லோடு பொருந்தாது. நூற்றுக்கும் மேற்பட்ட அச்சுகள் வைத்து இதைச் செய்திருக்கிறார்கள். இதைப் போய் நகல் என்று எப்படிச் சொல்வது?

உள்ளே போனால் பீடத்தில் இருக்கும் திரு இருதய ஆண்டவரைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கும்பிட்டுவிட்டு ஒரு நிமிஷம் அண்ணாந்து பார். தூண்கள் மேலே போய்க் கூர்வளைவாகச் சேருகின்றன. அரைவட்ட வளைவு சுவரை வெளியே தள்ளும். கூர்வளைவில் அந்தத் தள்ளல் குறைவு, பாரத்தில் பெரும்பங்கு தூண் வழியே கீழே இறங்கிவிடும். அத்தனை உயரத்தையும் ஒல்லியான தூண்கள் தாங்குவது அதனால்தான்.

செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த கட்டடத்தில் ஒரு நன்மை உண்டு. சுவர் ஈரத்தை வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைப் பொரிய வைக்கும். ஊர் ஊராகப் பழைய கோவில்களில் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். சில இடங்களில் கோவிலையே இடித்துவிட்டு டைல்ஸும் பால்ஸ் சீலிங்குமாக மாற்றிவிட்டார்கள். பார்க்கும்போது வயிறு எரிகிறது.

ரெய்ம்ஸின் மரக் கூரை 1914-இல் முதல் உலகப் போரில் எரிந்துபோய், பிறகு கான்கிரீட் சட்டம் போட்டுத்தான் கூரையை எழுப்பினார்கள். அந்தப் பக்கம் போனால் அங்கே கேட்டுப் பார், மேலே ஏற விடுவார்களா என்று. விட்டால் அந்தச் சட்டங்கள் சேரும் இடங்களைப் படம் எடுத்து அனுப்பு. அப்படியே கீழே, தூணில் வளைவு கிளம்பும் இடத்தையும் கிட்டத்தில் எடு. இடைக்காட்டூரில் அதே இடத்தை நான் எடுத்து அனுப்புகிறேன்.

பேரனுக்கு முத்தம்.

அப்பா